வென்டிலேட்டரும் ரெஸ்பிரேட்டரும்: இடம் மாறிக்கொண்ட இரண்டு பெயர்கள்

தமிழ்நாட்டில் வீடு கட்டுகிறவர்களுக்கு வென்டிலேட்டர் என்றால் சுவரில் உயரத்தில், கூரையை ஒட்டி விடுகிற சின்னத் திறப்பு. பொறியாளர் போட்டுத் தரும் வரைபடத்தில் கதவுக்கு ‘டி’, ஜன்னலுக்கு ‘டபிள்யூ’, வென்டிலேட்டருக்கு ‘வி’ என்று எழுத்துகள் இருக்கும். குளியலறைக்கும் கழிப்பறைக்கும் ஒன்று கட்டாயம். பழைய வீடுகளில் கூடத்துக் கதவுகளுக்கு மேலேயும் உண்டு. மருத்துவமனையில் இதே சொல்லுக்கு வேறு பொருள்: தானாக மூச்சுவிட முடியாதவரின் நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தும் இயந்திரம். கொத்தனாரும் மயக்க மருந்து நிபுணரும் ஒரே சொல்லைப் புழங்குவது தற்செயல் அல்ல. இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான். அதன் கதையோடு ரெஸ்பிரேட்டர் என்ற இன்னொரு சொல்லின் கதையும் பின்னிக் கிடக்கிறது. முகத்தில் மாட்டிக்கொள்ளும் பொருளாகப் பிறந்த ரெஸ்பிரேட்டர், ஒரு காலத்தில் ஆளையே உள்ளே படுக்கவைக்கும் இரும்புப் பெட்டியின் பெயராக இருந்தது. இன்று மறுபடி முகத்துக்கே திரும்பிவிட்டது. அது காலி செய்த இடத்தில் வென்டிலேட்டர் வந்து உட்கார்ந்துகொண்டது.

தூற்றுகிறவன் முதல் சிறைக் கூரை வரை

இலத்தீனில் ‘வென்டுஸ்’ என்றால் காற்று. ‘வென்டிலாரே’ என்றால் விசிறுதல், களத்தில் தானியத்தைத் தூற்றுதல். காற்றுக்கு எதிரே நின்று நெல்லையும் பதரையும் பிரிக்கிறவனுக்கு இலத்தீனில் ‘வென்டிலாட்டோர்’ என்று பெயர். ஆக இந்தச் சொல் முதலில் குறித்தது கருவியை அல்ல, ஆளை.

ஆங்கிலத்திலும் ஆரம்பத்தில் அப்படித்தான். 1730-களில் இலண்டன் நாடாளுமன்றத்தின் கீழவை கூடும் அறையில் மெழுகுவத்திப் புகையும் உறுப்பினர்களின் மூச்சும் சேர்ந்து புழுங்கித் தள்ளியது. ஜான் தியோஃபிலஸ் டெசாகுலியர்ஸ் என்ற அறிவியலாளர் அந்தக் காற்றை வெளியேற்ற, கையால் சுற்றும் பெரிய சக்கர விசிறி ஒன்றைப் பொருத்தினார். அதைச் சுற்றுவதற்கென்று நியமித்த ஆளை அவர் வென்டிலேட்டர் என்று அழைத்தார். கணக்குப் போடும் ஆட்களுக்கு இருந்த கம்ப்யூட்டர் என்ற பெயர் பின்னாளில் இயந்திரத்துக்குப் போனது போலவே, இதுவும் சீக்கிரம் ஆளைவிட்டுக் கருவிக்குத் தாவியது.

அந்தத் தாவலுக்கு முக்கியக் காரணம் ஸ்டீபன் ஹேல்ஸ். இலண்டனுக்குப் பக்கத்தில் டெடிங்டன் என்ற ஊரில் பாதிரியாராக இருந்தவர். குதிரையின் தமனியில் குழாய் செருகி இரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்து காட்டியவரும் இவர்தான். மூடிய இடத்தில் பலர் மூச்சுவிட்டால் காற்று கெட்டுப்போகிறது, கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்பது அவர் காலத்து நம்பிக்கை. ஆக்சிஜன் இன்னும் கண்டுபிடிக்கப்படாத நாட்கள் அவை. கப்பலின் அடித்தளத்தில் நூற்றுக்கணக்கானோர் அடைபட்டுக் கிடந்து சாவதைத் தடுக்க, 1741-இல் பெரிய துருத்திப் பெட்டிகள் வழியாக உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றும் ஏற்பாடு ஒன்றை அவர் இலண்டன் ராயல் சொசைட்டியின் முன் வைத்தார். 1743-இல் அதை விளக்கி நூலும் எழுதினார். அதே காலத்தில் சுவீடனில் மார்ட்டின் ட்ரீவால்டு என்பவர் இதே போன்ற ஒரு கருவியைத் தனியாகக் கண்டுபிடித்திருந்தார் என்றாலும், வென்டிலேட்டர் என்ற பெயரை ஊரறியச் செய்தது ஹேல்ஸின் புத்தகம்.

ஹேல்ஸின் பெட்டிக்குள் கீல் போட்டு மேலும் கீழும் அசையும் ஒரு பலகை இருந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் உதரவிதானம். மூச்சை உள்ளே இழுக்க உடல் பயன்படுத்துகிற, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற அந்தத் தசையின் பெயரையே மரப்பலகைக்குச் சூட்டினார். உடலியல் தெரிந்த ஒருவர் கப்பலுக்கும் சிறைக்கும் நுரையீரல் செய்து கொடுத்தார் என்றே இதைச் சொல்லலாம். இருநூறு வருடம் கழித்து இந்தச் சொல் நிஜ நுரையீரலுக்கு வந்து சேர்ந்தபோது, ஒருவகையில் அது பிறந்த வீட்டுக்கே திரும்பியது.

கருவி போர்க்கப்பல்களுக்கும் தானியக் கிடங்குகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் போனது. ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக ஏற்றிச் சென்ற கப்பல்களிலும் வைத்தார்கள். வணிகர்களுக்குச் சரக்கு சாகாமல் சேர வேண்டும் என்ற கவலை. சிறைக்குப் போனதற்குத் தனிக் காரணம் உண்டு. 1750-இல் இலண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் நடந்த விசாரணையின்போது, நியூகேட் சிறையிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளோடு சிறைக்காய்ச்சலும் வந்தது. நகரத்தின் மேயர், நீதிபதிகள் இருவர் உட்படப் பலர் செத்தார்கள். கைதிகள் செத்தபோது அசையாத நிர்வாகம் இப்போது விழித்துக்கொண்டது. 1752-இல் நியூகேட் சிறையின் மேலே ஒரு காற்றாலை ஏறியது. அது சுற்றினால் ஹேல்ஸின் வென்டிலேட்டர் கீழே அறைகளின் காற்றை இழுத்து வெளியேற்றும். அதைப் பொருத்திய தொழிலாளர்களில் சிலருக்கே காய்ச்சல் கண்டது.

சிறைக்காய்ச்சல் என்பது டைஃபஸ். அதைப் பரப்புவது கெட்ட காற்று அல்ல, உடலில் ஒட்டும் சீலைப்பேன் என்று பிரெஞ்சு மருத்துவர் சார்ல் நிக்கோல் நிரூபித்தது 1909-இல். கோட்பாடு தவறு, ஆனாலும் கூட்டம் நெரியும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும் என்ற பழக்கம் நிலைத்தது. ஆங்கிலேயர் கட்டிய கட்டடங்கள் வழியாக இந்தியாவுக்கு வந்த வென்டிலேட்டருக்குத் துருத்தியும் இல்லை, காற்றாலையும் இல்லை. சூடான காற்று மேலே எழும். மேலே ஒரு வழி விட்டால் தானே போய்விடும். வெயில் நாட்டுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. இங்கே இந்தச் சொல் இயந்திரம் என்ற பொருளை இழந்து வெறும் திறப்பாக நின்றது.

கான்பூர் மருத்துவரின் கம்பிவலை

ரெஸ்பிரேட்டரின் தொடக்கமும் இந்தியாவைத் தொட்டுத்தான் வருகிறது. ஜூலியஸ் ஜெஃப்ரிஸ் கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக வங்காள மாகாணத்திலும் கான்பூரிலும் பணியாற்றியவர். 1830-களின் நடுவில் இங்கிலாந்து திரும்பியபோது அவருடைய சகோதரி காசநோயில் கிடந்தார். இங்கிலாந்தின் குளிர்காற்று நெஞ்சில் பட்டால் இருமல் கூடுகிறது. வெளியே விடும் மூச்சின் சூட்டையும் ஈரத்தையும் பிடித்துவைத்து, உள்ளே இழுக்கும் காற்றுக்குத் திருப்பிக் கொடுத்தால் என்ன என்று ஜெஃப்ரிஸ் யோசித்தார். மெல்லிய உலோகக் கம்பி வலைகளை அடுக்கடுக்காக வைத்து, வாயின் மேல் கட்டிக்கொள்ளும் கவசம் ஒன்றைச் செய்தார். 1836-இல் காப்புரிமை பெற்று, அதற்கு ரெஸ்பிரேட்டர் என்று பெயரிட்டார். இலத்தீனில் ‘ரெஸ்பிராரே’ என்றால் திரும்பத் திரும்ப மூச்சுவிடுதல்.

கவனிக்க வேண்டியது, இந்த முதல் ரெஸ்பிரேட்டர் எதையும் வடிகட்டவில்லை. தூசியும் கிருமியும் அதன் கணக்கிலேயே இல்லை. குளிர்ந்த, வறண்ட காற்றுதான் எதிரி. நெஞ்சுச்சளிக்காரர்களும் பாடகர்களும் மூடுபனிக்குப் பயந்தவர்களும் அதை வாங்கினார்கள். கறுப்புத் துணி போர்த்திய ரெஸ்பிரேட்டரோடு நடமாடுகிறவர்களைக் கேலிச்சித்திரக்காரர்கள் விட்டுவைக்கவில்லை. ஜெஃப்ரிஸோ அத்தோடு நிற்காமல், இந்தியாவின் வெயிலில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் உடையும் குடியிருப்பும் எப்படி இருக்க வேண்டும் என்று 1858-இல் ஒரு நூலும் எழுதினார்.

அவருடைய யோசனை அழியவில்லை. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் தொண்டைக் குழாய்க்கும் வென்டிலேட்டர் குழாய்க்கும் நடுவில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் உருளை மாட்டியிருப்பதைப் பார்க்கலாம். செவிலியர்கள் எச்.எம்.இ. ஃபில்டர் என்பார்கள். நோயாளி விடும் மூச்சின் வெப்பத்தையும் ஈரத்தையும் பிடித்து அடுத்த மூச்சுக்குத் தருவதே அதன் வேலை. பெயர் இயந்திரத்தை விட்டுப் போன பிறகும் பழைய ரெஸ்பிரேட்டரின் தத்துவம் அந்த உருளைக்குள் வேலை செய்துகொண்டிருக்கிறது.

குளிர்க் காற்றிலிருந்து அழுக்குக் காற்றுக்கும், அங்கிருந்து நச்சுக் காற்றுக்கும் ரெஸ்பிரேட்டரின் பொருள் நகர்ந்தது அடுத்த எண்பது வருடங்களில். 1854-இல் ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஜான் ஸ்டென்ஹவுஸ் மரக்கரித் தூளை வைத்து வாடையையும் ஆவியையும் பிடிக்கும் ரெஸ்பிரேட்டர் செய்தார். 1871-இல் ஜான் டிண்டால் தீயணைப்பு வீரர்களுக்காகப் பஞ்சு, கிளிசரின், மரக்கரி, சுண்ணாம்பு ஆகியவற்றை அடுக்கி ஒன்று செய்தார். காற்றில் மிதக்கும் துகள்களை ஒளிக்கற்றையில் காட்டி ஆராய்ந்த அதே டிண்டால்தான்.

பிறகு வந்தது முதல் உலகப் போர். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகரத்தருகே ஜெர்மன் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. எதிர்முனையில் இருந்தவர்களுக்குப் பாதுகாப்பு எதுவும் இல்லை; ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள், தண்ணீர் கிடைக்காவிட்டால் சிறுநீரில் நனைத்தாவது. நாலு நாள் கழித்து இந்தியப் படையின் லாகூர் டிவிஷன் அங்கே இறக்கப்பட்டது. ஏப்ரல் 26 தாக்குதலில் அதிகாரிகள் விழுந்த பிறகும் வாயுவுக்கு நடுவே வீரர்களைத் திரட்டி, காயம்பட்டவர்களைத் தூக்கிவந்த ஜமாதார் மீர் தஸ்துக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அடுத்தடுத்த மாதங்களில் கண்ணையும் சேர்த்து மூடும் ரசாயனத் துணித் தலையுறைகள் வந்தன. 1916-இல், மரக்கரி அடைத்த தகரப் பெட்டியைக் குழாய் வழியாக முகமூடியோடு இணைத்த ‘ஸ்மால் பாக்ஸ் ரெஸ்பிரேட்டர்’ வந்தது. பொதுமக்கள் கேஸ் மாஸ்க் என்று சொன்னதைப் பிரிட்டிஷ் இராணுவம் எப்போதும் ரெஸ்பிரேட்டர் என்றே எழுதியது. இன்றும் அப்படித்தான் எழுதுகிறது. 1938 செப்டம்பருக்குள் பிரிட்டனில் குடிமக்களுக்கு விநியோகித்த ரெஸ்பிரேட்டர்கள் சுமார் 3 கோடியே 80 லட்சம்.

இரும்புப் பெட்டி

இதே இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில், இந்தப் பெயர் சம்பந்தமே இல்லாத இன்னொரு பொருளின் மேல் ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவில் எரிவாயுக் கசிவாலும் மின்சாரம் தாக்கியும் மூச்சு நின்றுபோகிறவர்களைக் காப்பாற்ற ஒரு கருவி தேடப்பட்டது. நியூயார்க் எரிவாயு நிறுவனம் ஒன்று பணம் தர, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் டிரிங்கரும் லூயி அகாசி ஷாவும் வேலையில் இறங்கினார்கள். பூனைகளைப் பெட்டிக்குள் வைத்துச் சோதித்தார்கள். பிறகு ஆளுக்கு ஏற்ற தகர உருளை. தலை மட்டும் வெளியே, கழுத்தைச் சுற்றி ரப்பர் பட்டை. வாக்குவம் கிளீனரின் காற்றூதிகள் உருளைக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சினால் உள்ளே அழுத்தம் குறைந்து நெஞ்சு விரியும், வெளிக்காற்று மூக்கு வழியாக நுரையீரலுக்குள் போகும். காற்றைத் திருப்பி விட்டால் நெஞ்சு சுருங்கி மூச்சு வெளியேறும்.

1928 அக்டோபரில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில், போலியோவால் மூச்சுத் தசைகள் செயலிழந்த எட்டு வயதுச் சிறுமியை அதற்குள் வைத்தார்கள். நினைவிழந்த குழந்தை சற்று நேரத்தில் கண்விழித்தது. சில நாளில் நிமோனியா கண்டு இறந்துவிட்டது என்றாலும், கருவி வேலை செய்கிறது என்பது தெரிந்துவிட்டது. எரிவாயு விபத்துக்காகச் செய்த பெட்டி, போலியோவின் பெட்டி ஆனது. மருத்துவர்கள் எழுதிய பெயர் ‘டிரிங்கர் ரெஸ்பிரேட்டர்’. பத்திரிகைகள் வைத்த பெயர் இரும்பு நுரையீரல். மக்கள் நாவில் நின்றது பத்திரிகைப் பெயர்தான். ஆனால் பெட்டிக்கு நுரையீரல் வேலையே கிடையாது. ஆக்சிஜனையும் கரியமில வாயுவையும் மாற்றிக்கொள்வது நோயாளியின் சொந்த நுரையீரல், பெட்டி செய்தது மூச்சுத் தசைகளின் வேலையை மட்டும். அறிவியல் கணக்கில் பெயர் தப்பு. அதற்கு இருந்த வலிமை வேறு எந்தப் பெயருக்கும் வாய்க்கவில்லை.

ஜான் ஹேவன் எமர்சன் என்பவர் 1931-இல் மலிவாகவும் எளிதாகவும் இன்னொன்று செய்ய, டிரிங்கர் வழக்குப் போட்டார். அதற்கு முன்பே இந்த யோசனைக்குப் பலர் காப்புரிமை பெற்றிருந்தார்கள் என்று எமர்சன் காட்டியதில், டிரிங்கரின் உரிமையே செல்லாமல் போனது. ஆஸ்திரேலியாவில் எட்வர்டு போத் ஒட்டுப்பலகையால் ஒன்று செய்தார். அதைப் பார்த்த மோரிஸ் கார் கம்பெனி முதலாளி நஃபீல்டு பிரபு, தன் தொழிற்சாலையில் தயாரித்து, பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் எந்த மருத்துவமனை கேட்டாலும் இலவசமாகத் தருவதாக 1938-இல் அறிவித்தார். ஆறு வயதில் போலியோ கண்டு 1952 முதல் இரும்பு நுரையீரலைச் சார்ந்து வாழ்ந்து, அதனூடேயே சட்டம் படித்து வழக்கறிஞரும் ஆன அமெரிக்கர் பால் அலெக்சாண்டர் 2024 மார்ச்சில்தான் காலமானார்.

அதே 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ கொள்ளைநோயாகப் பரவியது. பிளெக்தாம் மருத்துவமனையில் பெட்டி ரெஸ்பிரேட்டர் ஒன்றும், நெஞ்சில் மட்டும் கவிழ்த்துப் பொருத்தும் சிறிய வகை ஆறும் இருந்தன. முதல் மூன்று வாரத்தில் மூச்சு செயலிழந்து அவற்றில் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். தலைமை மருத்துவர் லாசென், மயக்க மருந்து நிபுணர் பியோன் இப்சனை அழைத்தார். அறுவைச் சிகிச்சை அறையில் மயக்க மருந்துக்காரர்கள் தினமும் செய்வதையே இங்கேயும் செய்யலாம் என்றார் இப்சன்: தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றை உள்ளே தள்ளுவது. ஆகஸ்ட் 27 அன்று பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியிடம் அதைச் செய்து காட்டினார். சிறுமி பிழைத்தாள்.

அதன் பிறகு நடந்ததுபோல ஒன்று மருத்துவ வரலாற்றில் அதிகம் இல்லை. பையை அமுக்க இயந்திரம் கிடையாது. ஆகவே மாணவர்களைக் கூப்பிட்டார்கள். ஏறக்குறைய 1,500 மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் உட்கார்ந்து, இரவும் பகலும் பையை அமுக்கினார்கள். ஒரே நேரத்தில் எழுபது நோயாளிகள்வரை இப்படி மூச்சு வாங்கினார்கள். பத்துக்கு ஒன்பது என்றிருந்த சாவு, பாதிக்கும் கீழே இறங்கியது. டெசாகுலியர்ஸின் கணக்குப்படி பார்த்தால் அந்த மாணவர்கள்தான் வென்டிலேட்டர்கள்.

இப்சன் அடுத்த ஆண்டின் கடைசியில் கோபன்ஹேகனின் இன்னொரு மருத்துவமனையில் இப்படிப்பட்ட நோயாளிகளுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். தீவிர சிகிச்சைப் பிரிவு என்று இன்று எல்லா ஊரிலும் இருப்பதன் ஆரம்பம் அதுவே. மாணவர்களின் கைக்குப் பதிலாக இயந்திரம் வந்ததும் அந்த வருடங்களில்தான். சுவீடன் மருத்துவர் கார்ல் குன்னர் எங்ஸ்ட்ரோம் செய்த இயந்திரம் அவற்றில் பேர்பெற்றது. அதன் பெயர் எங்ஸ்ட்ரோம் ரெஸ்பிரேட்டர். அமெரிக்காவில் விமானியும் பொறியாளருமான ஃபாரஸ்ட் பேர்டு செய்து 1950-களின் பிற்பகுதியில் சந்தைக்கு வந்த, கையடக்கமான பச்சைப் பெட்டியும் ‘பேர்டு மார்க் 7 ரெஸ்பிரேட்டர்’தான்.

பெயர் கைமாறியது

இந்த இடத்தில்தான் வென்டிலேட்டர் உள்ளே நுழைகிறது. உடலியல் நூல்களில் ரெஸ்பிரேஷன் என்ற சொல்லுக்கு அகலம் அதிகம். மூச்சை இழுத்து விடுவது, நுரையீரலில் வாயுக்கள் இடம்மாறுவது, இரத்தம் அவற்றைச் சுமப்பது, கடைசியில் ஒவ்வொரு செல்லும் ஆக்சிஜனைச் செலவழிப்பது எல்லாமே அதற்குள் அடக்கம். இயந்திரம் செய்வதோ முதல் வேலை ஒன்றை மட்டும்: காற்றை உள்ளே அனுப்புவது, வெளியே வர விடுவது. அதற்கு உடலியலாளர்கள் வைத்திருந்த பெயர் வென்டிலேஷன். செய்கிற வேலைக்கு ஏற்ற பெயர் வேண்டும் என்று பார்த்தால் வென்டிலேட்டரே சரி.

பிரிட்டனின் மயக்க மருந்து நிபுணர்கள் இதை முதலில் பற்றிக்கொண்டார்கள். கார்டிஃப் நகரத்தின் மஷின், ரெண்டல்-பேக்கர், தாம்ப்சன் மூவரும் 1959-இல் இந்த இயந்திரங்களைப் பற்றி எழுதிய பாடநூலின் தலைப்பிலேயே வென்டிலேஷன் வந்துவிட்டது. அமெரிக்கா மெதுவாக வந்தது. கேரன் ஆன் குவின்லன் என்ற இளம்பெண் 1975-இல் நினைவு திரும்பாத நிலைக்குப் போய், இயந்திரத்தை நிறுத்தப் பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். 1976-இல் அனுமதி தந்த நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு முழுக்க இருக்கும் சொல் ரெஸ்பிரேட்டர். நிறுத்திய பிறகும் அவர் தானாகவே மூச்சுவிட்டு 1985 வரை உயிரோடிருந்தார் என்பது வேறு கதை. அந்தக் காலத்துச் செய்தித்தாள்களைப் புரட்டுகிறவர், ரெஸ்பிரேட்டர் என்ற இடத்தில் இன்றைய வென்டிலேட்டரைப் போட்டுப் படித்துக்கொள்ள வேண்டும்.

எல்லா மொழிகளும் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. டேனிஷ், நார்வீஜியன், சுவீடிஷ், போலிஷ் மொழிகளில் தீவிர சிகிச்சை இயந்திரம் இன்றைக்கும் ரெஸ்பிரேட்டர்தான். எங்ஸ்ட்ரோம் ஊர்க்காரர்கள் அவர் வைத்த பெயரை விடவில்லை.

ஆங்கிலத்தில் மருத்துவமனை கைவிட்ட பெயரைத் தொழிற்சாலைகள் இழுத்துக்கொண்டன என்பதைவிட, தொழிற்சாலைகள் ஒருபோதும் அதை விட்டதே இல்லை என்பது சரியாக இருக்கும். சுரங்கத்திலும் பெயின்ட் கடையிலும் பஞ்சாலையிலும் தூசியையும் ஆவியையும் தடுக்க முகத்தில் மாட்டுவது ஸ்டென்ஹவுஸ் காலம் தொட்டு ரெஸ்பிரேட்டர்தான். 1970-இல் அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, எதை ரெஸ்பிரேட்டர் என்று சொல்லலாம் என்பதற்கே அரசாங்கச் சோதனை தேவைப்பட்டது. 1995-இல் அமலான விதிகளில்தான் என்95 என்ற வகை பிறந்தது. ‘என்’ என்றால் எண்ணெய்ப் புகையைத் தாங்காதது என்று பொருள். 95 என்றால் 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைப் பிடிப்பது. அதன் இழைகளில் நிலைமின்னூட்டம் ஏற்றியிருப்பதால், இழைகளின் இடைவெளியைவிடச் சிறிய துகளும் ஒட்டிக்கொள்கிறது.

மருத்துவ மாஸ்க் என்பது வேறு வம்சம். 1910-11-இல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியன் டே பஞ்சும் துணியும் அடுக்கிய முகக்கவசத்தை எல்லோரும் கட்ட வேண்டும் என்றார். அவர் சொன்னதை மதிக்காமல் வெறும் முகத்தோடு நோயாளிகளைப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி சில நாளில் பிளேக்கில் இறந்தார். வூவின் கவசத்தை என்95-இன் மூதாதை என்று பலர் சொல்வதுண்டு. நோக்கத்தில் அது சரி. ஆனால் இன்றைய கணக்கில் மாஸ்க், போட்டிருப்பவரின் எச்சில் துளி பிறர்மேல் படாமல் முதலில் காக்கிறது. ரெஸ்பிரேட்டர், முகத்தோடு இறுகப் பொருந்தி, போட்டிருப்பவரைக் காக்கிறது. 2020 ஜூலையில் இந்தியச் சுகாதாரத் துறை, வால்வு வைத்த என்95 பொதுமக்களுக்கு வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். சுரங்கத் தொழிலாளிக்கு மூச்சு எளிதாக வெளியேற அந்த வால்வு வசதி. தொற்று நேரத்தில் அதே வால்வு வழியாக நோயாளியின் மூச்சு வடிகட்டாமல் வெளியே வரும்.

தமிழில்

தமிழ்ப் பத்திரிகைகள் வென்டிலேட்டரைச் செயற்கை சுவாசக் கருவி என்று எழுதுகின்றன. இடம் குறுகினால் ‘செயற்கை’ உதிர்ந்து சுவாசக் கருவி ஆகிறது. தீயணைப்பு வீரர் முதுகில் சுமப்பதும் சுவாசக் கருவி, முத்துக்குளிப்பு பற்றிய செய்தியில் வருவதும் சுவாசக் கருவி, சில நேரம் ஆக்சிஜன் முகமூடியும் சுவாசக் கருவி. வீட்டுப் பேச்சில் இவை எதுவும் இல்லை. “மூச்சுக்கு மெஷின் வெச்சிருக்காங்க” என்பார்கள். 2016 டிசம்பரில் முதலமைச்சர் ஜெயலலிதா சிகிச்சையில் இருந்தபோது எக்மோ என்ற புதுச்சொல் தமிழ்நாட்டின் டீக்கடைகள்வரை வந்தது. 2020-இல் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் மருத்துவமனையில் இருந்த வாரங்களில் வென்டிலேட்டர், எக்மோ இரண்டும் நாள்தோறும் செய்தியில் வந்தன. எக்மோ மூச்சுவிட வைப்பதல்ல. இரத்தத்தை வெளியே எடுத்து, அதில் ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்புவது. இரும்பு நுரையீரல் என்ற பெயருக்கு நியாயமான உரிமை கொண்டாட வேண்டியது அதுதான்.

அதே 2020-இல் பிஎம் கேர்ஸ் நிதியிலிருந்து 2,000 கோடி ரூபாயில் 50,000 வென்டிலேட்டர் வாங்குவதாக மத்திய அரசு அறிவித்தது. அந்த ஒரு வருடத்தில் இந்தச் சொல் பெற்ற அழுத்தம், இருநூற்றைம்பது வருடத்தில் பெறாதது. கூடவே அச்சமும் ஒட்டிக்கொண்டது: வென்டிலேட்டரில் வைத்தால் அவ்வளவுதான் என்ற பேச்சு. அது பாதி உண்மைகூட இல்லை. பெரிய அறுவைச் சிகிச்சையின்போது முழு மயக்கம் கொடுத்தவர்களுக்கு மூச்சுவிடுவது வென்டிலேட்டர்தான். வேலை முடிந்ததும் குழாயை எடுத்துவிடுகிறார்கள். பாம்புக் கடியில், குறிப்பாக நல்ல பாம்பும் கட்டுவிரியனும் கடித்து மூச்சுத் தசைகள் தளர்ந்தவர்கள், விஷமுறிவு மருந்தோடு சில நாட்கள் இயந்திரத்தில் இருந்து எழுந்து நடந்து வீடு போகிறார்கள். இயந்திரம் நோயைக் குணப்படுத்துவதில்லை, நோய் குணமாகும்வரை நேரம் வாங்கித் தருகிறது. நோய் குணமாகாதது என்றால் அந்த நேரத்தால் பயனில்லை. பழி மட்டும் இயந்திரத்தின் தலையில் விழுகிறது.

சொல் ஒன்றாக இருந்தாலும் அதற்குள் படிகள் பல. மூக்கில் குழாயோ முகத்தில் மாஸ்க்கோ வைத்து ஆக்சிஜன் மட்டும் கொடுப்பது வென்டிலேட்டர் அல்ல. நோயாளியே மூச்சுவிடுகிறார், காற்றின் தரம்தான் கூடுகிறது. இறுக்கமான முகமூடி வழியாக அழுத்தத்தோடு காற்றைத் தள்ளும் பைபேப், சிபேப் கருவிகளில் குழாய் தொண்டைக்குள் போவதில்லை; விழித்திருந்து பேசவும் முடியும். குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறவர்கள் வீட்டிலேயே மாட்டிக்கொண்டு தூங்குவதும் இந்த வகைதான். அடுத்தது வாய் வழியாக மூச்சுக்குழலுக்குள் குழாய் செருகி, மயக்கத்தில் வைத்து, முழு மூச்சையும் இயந்திரத்திடம் ஒப்படைப்பது. அது நாட்கணக்கில் நீண்டால் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்கிறார்கள். செய்தி சொல்கிறவர்கள் இவற்றில் எதற்கும் வென்டிலேட்டர் என்று சொல்லிவிடுகிறார்கள்.

உறவினர் ஒருவரை வென்டிலேட்டரில் வைத்திருப்பதாக மருத்துவமனையில் சொன்னால், கலங்குவதற்கு முன் மூன்று கேள்வி கேட்கலாம்: முகமூடியா, தொண்டைக்குழாயா? தானாக மூச்சு விடுகிறாரா, இயந்திரமே முழுக்க விடுகிறதா? எந்தக் காரணத்துக்காக வைத்தீர்கள், அது சரியாகக் கூடியதா? நிலைமை என்ன என்பதை வென்டிலேட்டர் என்ற சொல்லைவிட இந்த மூன்றுக்கான பதில்கள் தெளிவாகச் சொல்லும்.